இருபத்து மூன்றாவது நிறுத்தம்

ஏழு மாதமாக அந்த வால்வு சமையலறை அலமாரியில், அவளுடைய இரண்டு கோப்பைகளுக்குப் பின்னால், ஒரு பழைய காலுறைக்குள் கிடந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சாமான். பெரிய எலுமிச்சம்பழம் அளவுதான், கனம் மட்டும் கூடுதல். அடிபட்ட காரை இழுத்துப் போட்டிருந்த யார்டுக்குப் போய், காவலாளியிடம் சொல்லி, இரண்டே இரண்டு போல்ட்டைக் கழற்றி அவன் எடுத்து வந்தது. பெண்டாட்டி ஞாபகமாக வைத்துக்கொள்கிறான் போலிருக்கிறது என்று காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமியார் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

ஞாபகத்துக்காக இல்லை. வேறு யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

அவன் ஒரு பட்டறையில் டர்போ வண்டிகளைப் பார்க்கிறவன். படித்தது பொறியியல். ஆபீஸ் நாற்காலியை விட்டுவிட்டு க்ரீஸில் கை வைத்தவன் என்று மாமியார் வீட்டில் ஆரம்பத்தில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. அதை அடக்கியவள் அவள்தான். வீட்டில் அவளை 'வாலு' என்று கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வயதிலும் அந்தப் பெயர் அவளைவிட்டுப் போகவில்லை. மருந்துக்கடை ஒன்றில் வேலை. வேலைக்குப் போய்வர ஒரு சின்ன டர்போ கார்.

டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிற விசிறி. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினின் வாய் மூடிக்கொள்ளும். திணித்த காற்று போக்கிடம் இல்லாமல் குழாயில் முட்டும். அதைத் திறந்துவிடத்தான் இந்த வால்வு. கம்பெனி பொருத்தித் தருவது அந்தக் காற்றை ஒரு ஹோஸ் வழியாகச் சத்தமில்லாமல் உள்ளேயே திருப்பிவிடும். அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் காற்று நேராக வெளியே பாயும். 'ப்ஷ்ஷூ' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஆட்கள் பட்டறையில் வரிசையில் நிற்பார்கள்.

"வர்றவனுக்கெல்லாம் மாட்டி விடுற. கட்டிக்கிட்டவளுக்கு மட்டும் ஊமை வண்டியா?" என்றாள் அவள் ஒருநாள்.

மாட்டினான். அன்றிலிருந்து வீட்டிலும் அதே சத்தம்தான். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் இடுப்பில் கை வைத்து 'ப்ஷ்ஷூ'. பால் பொங்கினால் 'ப்ஷ்ஷூ'. பெருமூச்சு விட வேண்டிய இடத்திலெல்லாம் அவள் டர்போ மூச்சு விட்டாள்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. எஞ்சினுக்குள் வரும் காற்றை வாசலிலேயே ஒரு சென்சார் எண்ணிவிடும். எண்ணிய காற்றுக்குத் தக்கபடி பெட்ரோல் இறங்கும். அந்தக் காற்று நடுவழியில் வெளியே போய்விட்டது எஞ்சினுக்குத் தெரியாது. இல்லாத காற்றுக்கும் சேர்த்து ஊற்றும். ஒரு நொடி மூச்சு முட்டும். வேகமாக வந்து நிற்கும்போது எப்போதாவது அப்படியே அணைந்தும் போகும். வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. அவன் போட்டது இளகின ஸ்பிரிங். மெதுவாகப் போனாலும் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அவனும் இல்லையென்று சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் வேலைவிட்டு வந்து, செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள். "இன்னைக்கு சிக்னல்ல வண்டி ஆஃப் ஆயிடுச்சு. பின்னாடி ஒருத்தன் ஹார்ன் அடிச்சே காதை செவிடாக்கிட்டான்."

அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சனிக்கிழமை பாக்கறேன்."

வியாழக்கிழமை காலை, பெயிண்ட் கடை சந்திப்பில், குறுக்கே திரும்புவதற்காக நடுவில் வந்து நின்ற அவள் கார் அங்கேயே நின்றது. எதிரே வந்த வண்டிகள் எல்லாம் போய் முடிந்த பிறகும் நின்றது. சிக்னல் மாறியது. பக்கத்துச் சாலையிலிருந்து லாரி வந்தது.

போலீஸ் அறிக்கையில் இரண்டு காரணம் எழுதியிருந்தார்கள். லாரியின் வேகம். கார் ஓட்டியவரின் தயக்கம். தயக்கம் என்ற சொல்லை அவன் பலமுறை படித்தான். கடையில் புடவை எடுக்கக்கூட ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்காதவள். அவளைப் பற்றி யாரோ முன்பின் தெரியாதவர்கள் எழுதியது போல இருந்தது. அது பொய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன். சொல்லவில்லை.

சொல்லாததற்கு வீடு அவனை விடவில்லை. குடியிருப்பு இரண்டாவது மாடி, கீழே பஸ் நிறுத்தம். ஒவ்வொரு பஸ்ஸும் நிற்கும்போது பிரேக்கிலிருந்து 'ப்ஷ்ஷூ' என்று காற்று வெளியேறும். காலை ஐந்தரையிலிருந்து ஆரம்பம். அந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அதனால் பொறுத்துக்கொண்டான். பட்டறையில் கம்ப்ரசரும் அப்படித்தான். ஆனால் காரணமே இல்லாமல் மூன்று முறை கேட்டது. ஒருமுறை பாத்திரம் தேய்க்கும்போது, தோளுக்குப் பின்னால். ஒருமுறை குளியலறைக் கண்ணாடி முன்னால். கடைசி முறை அவன் கட்டிலில் ஈரத் துண்டைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது. அவன் துண்டை எடுத்துக் கொடியில் காயப்போட்டான். "போட்டாச்சு" என்று காலி அறையைப் பார்த்துச் சொன்னான்.

இப்படி இருக்கும்போதுதான் மச்சான் பட்டறைக்கு வந்தார்.

மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். அவளைவிட நான்கு வயது மூத்தவர், கட்டட வேலைக்குக் கம்பி சப்ளை செய்கிறவர். அண்ணனும் தங்கையும் ஒரே வாரத்தில், ஒரே கடையில், ஒரே மாதிரிக் காரை வாங்கியவர்கள். நிறம் மட்டும்தான் வேறு. அந்தக் காரைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

முதலில் பார்த்தது பட்டறையின் மூத்த மெக்கானிக். அவருக்குப் 'பத்தாம் நம்பர்' என்று பட்டப்பெயர். பத்தாம் நம்பர் ஸ்பேனரை ஒரு நாளைக்கு நாலு தடவை தொலைப்பவர்.

"வாங்க, வாங்க. பத்து நம்பர் ஸ்பேனர் ஏதாவது வண்டியில வச்சிருக்கீங்களா?"

"அண்ணே, உங்க பட்டறைக்கு வந்துட்டு நான் ஸ்பேனர் கொண்டு வரணுமா?"

"கல்யாணத்துக்கு வந்தா மொய் வைக்கறதில்லையா? அந்த மாதிரிதான்."

மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவனைப் பார்த்ததும் பாதியில் நின்றது. உள்ளே வந்து, லிஃப்டில் ஏற்றியிருந்த வண்டிக்கு அடியில் நின்ற அவன் பக்கத்தில் தானும் குனிந்து நின்றுகொண்டார்.

"மாப்ள. ஒண்ணு கேப்பேன். முடியாதுன்னு சொல்லக் கூடாது."

"சொல்லுங்க மச்சான்."

"வாலு வண்டியில இருந்து ஒரு சாமான் கழட்டி வச்சிருக்கியே. அதை என் வண்டியில மாட்டிக் குடு."

அவன் கையிலிருந்த டார்ச் வெளிச்சம் எஞ்சினுக்கு அடியில் ஒரே இடத்தில் நின்றது.

"அது எதுக்கு மச்சான்?"

"அவ வீட்டுக்கு வர்ற சத்தம் தெருமுனையிலயே கேக்கும்டா. அம்மா தையல் மெஷினை நிறுத்திடுவாங்க. இப்பவும் நிறுத்தறாங்க. யாரோ பைக்ல போனாக்கூட நிறுத்தறாங்க." மச்சான் வண்டியின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டு பேசினார். "கேட்டா பைத்தியக்காரத்தனம்னு சொல்லுவ. ஒரு தடவை அந்தச் சத்தத்தோட நான் போய் நின்னா என்னன்னு தோணுது."

"அத்தைக்கு அது நல்லதில்ல, மச்சான்."

"அப்ப எனக்கு. எனக்கு நல்லது."

முடியாது என்று சொல்ல அவனிடம் நூறு காரணம் இருந்தது. சத்தத்துக்குச் சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்லியிருக்கலாம். வாரண்டி போய்விடும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாசலில் நின்ற கார் அவன் கண்ணை இழுத்தது. அதே எஞ்சின். அதே சென்சார். ஏழு மாதமாக அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் கார் தானாக நின்றதா, அவள் நிறுத்தினாளா? நசுங்கிப்போன வண்டி அதைச் சொல்லாது. இந்த வண்டி சொல்லும்.

"நாளைக்குக் காலையில விடுங்க" என்றான். "ஆனா மாட்டினதும் நான் ஓட்டிப் பார்க்கணும். அதுவரைக்கும் நீங்க தொடக் கூடாது."

"நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"வேண்டாம் மச்சான்."

"என் வண்டிடா அது."

மறுநாள் காலை வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. இரண்டு போல்ட், ஒரு கிளாம்ப், விரல் தடிமனுக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய். வால்வைக் காலுறையிலிருந்து எடுத்தபோது பத்தாம் நம்பர் எட்டிப் பார்த்தார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு முதல்தடவையாக அவர் ஸ்பேனர் எதையும் தேடவில்லை. வால்வின் ஒரு விளிம்பில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. லாரியினுடையது. அவன் அதை விரல் நகத்தால் சுரண்டப் போய், கையை இழுத்துக்கொண்டான்.

ஸ்பிரிங்கை மாற்றவில்லை. இளகினதையே விட்டான். மாற்றினால் சோதனைக்கு அர்த்தமில்லை.

கிடங்குகள் வரிசையாக இருக்கும் ஒரு சாலை பட்டறைக்குப் பின்னால் இருந்தது. நேர்ச்சாலை. ஒன்பது மணிக்கு மேல் லாரிகள் உள்ளே போய்விடும், பிறகு மத்தியானம் வரை ஆள் நடமாட்டம் கிடையாது. அவன் ஓட்டினான். மச்சான் பக்கத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது கியர். மூன்றாவது. மீட்டர் முள் ஏறியது. அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

ப்ஷ்ஷூ.

வண்டிக்குள் அவள் இருந்தாள். வேறு எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பின் இருக்கையில் இல்லை, முன்னால் இல்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில், கியர் இருக்கும் இடத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.

மச்சான் 'ஹா' என்று சிரித்தார். உடனே உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கிளட்சை மிதித்து, பிரேக்கை மிதித்து, வண்டியை நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்று.

"இன்னொரு தடவை மாப்ள."

இன்னொரு தடவை. சாலையின் கடைசி வரை போய்த் திரும்பினான். வேகம், கால் எடுப்பு, கிளட்ச், பிரேக், நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மனதுக்குள் ஒரு எண். நான்கு. ஐந்து. ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம். ஒவ்வொரு முறையும் அவள் எதையோ குறை சொன்னாள். துண்டு. பால். சனிக்கிழமை.

மச்சானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சின்ன வயசுல இவ என்ன பண்ணுவா தெரியுமா? நான் சைக்கிள் ஓட்டுவேன், பின்னாடி உக்காந்துக்கிட்டு வாயாலயே ஹார்ன் அடிப்பா. சைக்கிள்ல பெல் இருக்கும். அதைத் தொட மாட்டா. எதுக்குடி இப்படிக் கத்தறன்னு கேட்டா, பெல் எல்லார்கிட்டயும் இருக்கும்பா."

ஒன்பது. பத்து. அவனுக்கு ஒரு நப்பாசை முளைத்தது. அணையாது போலிருக்கிறதே. அவள் சொன்னது ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு தவறாக இருக்கலாம். கிளட்சைச் சரியாக மிதிக்காமல் விட்டிருக்கலாம். நாற்பது வரை எண்ணலாம், நாற்பதுக்குள் அணையாவிட்டால் அறிக்கையில் எழுதியிருப்பது உண்மை என்று வைத்துக்கொள்ளலாம். அவள் தயங்கினாள். எல்லோரும்தான் எப்போதாவது தயங்குகிறார்கள்.

பதினான்காவது முறை எஞ்சின் முனகியது. முள் சரசரவென்று கீழே விழுந்தது, நடுங்கியது, பிழைத்துக்கொண்டது.

"என்ன மாப்ள, விக்கல் எடுக்குது?" என்றார் மச்சான்.

"ஒண்ணுமில்ல."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பதினைந்து. பதினெட்டு. இருபது. மச்சான் பேச்சைக் குறைத்திருந்தார். அவர் இப்போது சத்தத்தைக் கேட்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்று. இருபத்திரண்டு.

இருபத்து மூன்றாவது முறை அவன் காலை எடுத்தான். ப்ஷ்ஷூ. கிளட்ச். பிரேக். வண்டி மெதுவாகி நின்றது. அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை.

கண் முன்னால் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எண்ணெய், பேட்டரி, எஞ்சின். காற்றோட்ட விசிறி மட்டும் ஓடியது. எங்கோ ஒரு கிடங்கில் இரும்புக் கதவை இழுத்தார்கள்.

அவன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. திரும்பவும் திருப்பினான். பிடித்தது. நின்றதிலிருந்து மறுபடி ஓடும்வரை அவன் எண்ணியிருந்தான். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை, எண்ணிக்கை தானாக ஓடியது. ஏழு நொடி. ஏழு நொடியும் அந்தச் சந்திப்பின் நடுவில் அவள் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் திரும்பிப் பார்த்தாளா, பார்க்க நேரம் இருந்ததா, அது மட்டும் எந்த வண்டியிலும் தெரியாது.

அவன் எஞ்சினை நிறுத்தினான்.

"மாப்ள," என்றார் மச்சான். "இப்ப என்ன ஆச்சு?"

"அணைஞ்சு போச்சு."

"ஏன்?"

அவன் சொன்னான். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, எதிரே இருந்த கிடங்குச் சுவரைப் பார்த்தபடி, வாடிக்கையாளருக்கு விளக்குவது போலச் சொன்னான். சென்சார், காற்று, பெட்ரோல். இளகின ஸ்பிரிங், விறைப்பான ஸ்பிரிங், இரண்டில் தான் எதைப் போட்டேன், ஏன் போட்டேன். யார்டில் போய் அதைக் கழற்றியது எதற்கு. திங்கட்கிழமையும் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

மச்சான் கதவைத் திறந்து இறங்கினார். கிடங்குச் சுவர் வரை நடந்தார். சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பானெட்டைத் தூக்கச் சொன்னார்.

"எது?"

அவன் காட்டினான். மச்சான் கையை வைத்தார், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பாத்து மச்சான். பக்கத்துல டர்போ. கை வெந்துடும்."

"கழட்டு."

"ஆறணும்."

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரமாவது."

அரை மணி நேரம் அவர்கள் சாலையோரக் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சின் ஆறும்போது உலோகம் 'டிக், டிக்' என்று சுருங்கும். அது ஒன்றுதான் சத்தம். திட்டுவார், அடிப்பார் என்று அவன் எதிர்பார்த்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தோதாகக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். மச்சான் அதைக் கவனித்தார்.

"கண்ணாடிய போட்டுக்கோ. உன்னை அடிச்சு என்ன ஆகப்போகுது." கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒருத்தன அடிச்சேன்."

"தெரியும்."

"அந்த லாரிக்காரர். அழுதுக்கிட்டே சொன்னாரு, கார் செத்த மாதிரி நின்னுச்சு சார், நகரும் நகரும்னு பாத்தேன்னு. என் தங்கச்சிய பத்தி என்னடா செத்த மாதிரின்னு... அப்பா வயசு இருக்கும் அவருக்கு. கன்னத்துல விட்டேன். அவரு திரும்ப எதுவும் பேசல." மச்சான் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "அவரு நிஜத்தைத்தான் சொல்லியிருக்காரு."

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான்.

"சரி. இதைக் கழட்டிட்டா வண்டி எப்படிப் போகும்? பழசு பட்டறையில இல்ல இருக்கு?"

"டிக்கியில இருக்கு."

மச்சான் அவன் பக்கம் திரும்பினார். முகம் மெல்ல மாறியது.

"ஏன் கொண்டு வந்த?"

அவன் டிக்கியைப் பார்த்தான்.

"அப்ப இது சத்தம் கேக்கறதுக்கு வந்த வண்டியில்ல. என்னையும் என் வண்டியையும் வச்சு நீ பரீட்சை பண்ணியிருக்க."

"ஆமா மச்சான்."

"என்கிட்ட சொல்லியிருந்தா?"

"வண்டி குடுத்திருக்க மாட்டீங்க."

"குடுத்திருப்பேன்டா. நாலு உதை உதைச்சிட்டு குடுத்திருப்பேன்." குரல் உடைந்தது. "நான் பாட்டுக்கு லூசு மாதிரி சைக்கிள் கதை சொல்லிக்கிட்டு வர்றேன். நீ பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்திருக்க."

ஆறியதும் அவன் கழற்றினான். மச்சான் போல்ட்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். பழைய வால்வு ஏறியது, ஹோஸ் ஏறியது. கழற்றியதை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் மச்சான் அதை ஒரு துணியில் சுற்றி டிக்கியில் வைத்துப் பூட்டினார்.

"போலீஸ்ல குடுக்கணும். அந்த லாரிக்காரரு லைசென்ஸ பறிகொடுத்துட்டு வீட்டுல உக்காந்திருக்காரு."

"குடுக்கலாம்."

"அதுக்கு முன்னாடி அம்மா. இப்பவே. நீதான் சொல்லணும். நான் கூட வருவேன், வாயைத் திறக்க மாட்டேன்."

மச்சான்தான் ஓட்டினார். வழியில் பெயிண்ட் கடை சந்திப்பு வந்தது. சுற்றுவழி இருந்தும் அவர் சுற்றவில்லை. சிக்னல் பச்சை. நிற்காமல் கடந்தார்கள்.

அத்தை முன்னறையில் தையல் மெஷினில் இருந்தார். தெருவுக்கே ரவிக்கை, பள்ளிச் சீருடை, திரைச்சீலை எல்லாம் தைத்துத் தருகிறவர் அவர்தான். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"என்னடா இது, ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்க? வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. எளைச்சுப் போயிட்டீங்களே. கையெல்லாம் ஒரே கரி. போய்க் கழுவிட்டு வாங்க, டீ போடறேன்."

"டீ அப்புறம், அத்தை. நீங்க உக்காருங்க."

அவர் மகனைப் பார்த்தார். மகன் சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மெஷினுக்கு முன்னால் தன் இடத்திலேயே உட்கார்ந்தார். கை தானாக, தைத்துக்கொண்டிருந்த துணியை ஓரமாக நகர்த்தியது.

அவன் சொன்னான். மச்சானிடம் சொன்னதைவிடச் சின்னச் சின்ன வார்த்தைகளில் சொன்னான். நான் ஒரு சாமான் மாட்டினேன், அதனால் வண்டி சில சமயம் தானாக நின்றுவிடும், இன்றைக்கு ஓட்டிப் பார்த்தோம், நின்றது. அவள் தயங்கி நிற்கவில்லை. வண்டிதான் நின்றிருக்கும்.

அத்தை அழவில்லை. அவன் முடித்த பிறகும் மெஷின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக மெஷினோடு இருக்கிறவர்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க அத்தை."

"இந்த மெஷின் இருக்கே, இது ஒரு நாளும் ஒரேடியா நின்னதில்ல. நிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஒரு தடவை முரண்டு பண்ணும். நூலை அறுக்கும். எனக்குத் தெரிஞ்சிடும்." நிமிர்ந்தார். கண் நேராக அவன் கண்ணில் நின்றது. "அவ வண்டியும் முன்னாடி ஏதாவது பண்ணிச்சா? உங்ககிட்ட சொன்னாளா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அதற்குச் சாட்சி கிடையாது. சாட்சியாக இருந்தவள் ஒருத்திதான். மச்சான் ஸ்டூலில் இன்னமும் தரையைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றவே இல்லை என்பது அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"சொன்னா, அத்தை."

மச்சானின் தலை நிமிர்ந்தது.

"என்ன சொன்னா?"

"சிக்னல்ல ஆஃப் ஆயிடுச்சுன்னு சொன்னா. நான் சனிக்கிழமை பாக்கறேன்னு சொன்னேன்."

"என்னைக்கு சொன்னா?"

"திங்கக்கிழமை. சாயங்காலம்."

மச்சான் எழுந்தார். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவர், திறக்கவில்லை. வாசலுக்குப் போய், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிலையில் ஒரு கையை ஊன்றி நின்றார்.

அத்தை வலது கையைப் பிரித்து மடியில் வைத்தார். கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார், அளவு எடுக்கிறவர் போல, அவசரமில்லாமல்.

"செவ்வாய்," என்றார். "புதன்."

அடுத்த விரலுக்குப் போன கட்டை விரல் அங்கேயே நின்றது.